சுவிட்ச் மாப்பிள்ளைக்கு ஓர் அறை

கல்முனைக் கடற்கரை வீதியில் இரண்டு மாடியாக நிற்கிறது எங்கள் தனியார் வைத்தியசாலை. அதன் மேல்மாடியில், கிழக்கு மூலையில், பத்தடிக்குப் பன்னிரண்டடியில் ஓர் அறை. பதினெட்டு வருடம் அது துணி அறையாக இருந்தது. நோயாளர் வாட்டுகளின் படுக்கை விரிப்புகளும் தலையணை உறைகளும் சலவையிலிருந்து வந்து அங்கேதான் மடிபடும். மடிப்பவர் கைருன்னிஸா. டாக்டர்மாருக்கும் வாயிற்காவலருக்கும் கைருன் றாத்தா, எல்லோருக்கும் மூத்த அக்கா. அறைக் கதவின் பூட்டுத் திறப்பைச் சட்டையூசியில் கோர்த்துத் தோளில் குத்தியிருப்பார். குனியும்போது அது காதோரம் கிலுங்கும்.

என் மேசை அந்த அறைக்கு நேர் எதிரே, பதிவேட்டுப் பிரிவில். இடையில் ஒரு கண்ணாடித் தடுப்பு மட்டும். றாத்தா விரிப்பின் நடுவிளிம்பைத் தாடையால் அமர்த்திக்கொண்டு, இரண்டு முனைகளையும் கைகளால் அகட்டி, ஒரு கணம் அப்படியே நிற்பார். ஆள் மறைந்து ஒரு வெள்ளைச் சதுரம் மட்டும் நிற்கும். பிறகு சதுரம் பாதியாகும், காலாகும், அவர் திரும்பி வருவார். ஒரு நாளைக்கு நூறு தடவையாவது இப்படி மறைந்து மறைந்து வந்துகொண்டிருந்தார்.

போன வருடம் துணிகளை வெளியூர்ச் சலவை நிலையத்துக்கு அனுப்புவதென்று நிர்வாகம் முடிவெடுத்தது. மடித்து, பொதி கட்டி, அவர்களே கொண்டுவந்து தந்துவிடுவார்கள். துணி அறையில் வேலை செய்த மூன்று பெண்களில் இருவர் அந்த மாதத்தோடு வீட்டுக்குப் போனார்கள். அதே மாதம்தான் வைத்தியசாலை முழுவதையும் கணினியால் இணைக்கும் வேலையும் தொடங்கியது. ஆய்வுகூடத்தில் பதிகிற இரத்தப் பரிசோதனை முடிவு அடுத்த நிமிடமே வாட்டில் டாக்டரின் திரையில் தெரிய வேண்டும். அதற்கு எல்லாக் கணினிகளின் கம்பிகளும் வந்து சேர்கிற சுவிட்ச் பெட்டிகள் வைக்க ஓர் இடம் தேவை. தேடித் தேடிக் கடைசியில் கைருன் றாத்தாவின் அறையைத்தான் பிடித்தார்கள்.

நிர்வாக அலுவலர் கனகசபாபதி பாண்டிருப்புக்காரர். வளைத்துக் கதைக்கத் தெரியாத மனிதர். கைருன் றாத்தாவை அழைத்தார். நான் கோப்புகளோடு அங்கே நின்றேன்.

"கைருன்னிஸா, துணி வேலை முடிஞ்சிது. அந்த அறையைத் துடைச்சு, பூட்டி, நாளுக்கு மூண்டு தரம் வெக்கையும் ஈரமும் பாத்து எழுத ஒராள் வேணும். நீங்க செய்யுங்க. ஆனா ஒண்டு. பெட்டி விக்கிற கம்பனியிலயிருந்து ஆள் வந்து பாப்பார். அறை சரியில்ல எண்டு அவர் சொன்னா, உத்தரவாதம் தரமாட்டினம். அதுக்குப் பிறகு உங்களை வச்சிருக்க எனக்கு இஞ்ச வேற இடமில்ல."

"ஓம் சேர்," என்றார் கைருன் றாத்தா. படியேறி வரும்போதுதான் என்னிடம் சொன்னார். "நிப்லாட வீட்டுக்குக் கூரை ஏறணும் மகன். செவர் ரெண்டு மாரி நனைஞ்சிட்டுது."

எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் மாப்பிள்ளை எடுப்பது. அவர் பெண்ணின் வீட்டுக்குத்தான் குடிவருவார். கணவர் அபூசாலி நெஞ்சு வலியில் மவுத்தானபோது கைருன் றாத்தாவுக்கு முப்பத்திரண்டு வயது, இரண்டு பெண்பிள்ளைகள். நாலு வருடம் குவைத்தில் யாரோ ஒருவரின் வீட்டைத் துடைத்தார். திரும்பி வந்து இங்கே சேர்ந்தார். மூத்தவள் றஸ்னாவுக்குத் தன் வீட்டையே எழுதிக் கொடுத்துவிட்டு, சமையல் குசினிக்குப் பின்னால் கூரை சாய்த்து இறக்கிய சாய்ப்புக்கு மாறிக்கொண்டார். இளையவள் நிப்லாவின் வீடு சுவர் மட்டத்தில் நின்றது. கூரை ஏறினால் அவளுக்கும் ஆள் கேட்டு வரும்.

அறையைத் தயார் செய்யும் பொறுப்பு ஷிப்லியுடையது. சாய்ந்தமருதுப் பிள்ளை, கொழும்பில் படித்துவிட்டு வந்தவன். அவன் சொல்லச் சொல்ல நான் பட்டியல் எழுதினேன். கைருன் றாத்தா கடைசிப் பொதி விரிப்புகளை மடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"இதுக்கு வெக்க ஆகாது றாத்தா. தூசி ஆகாது. ஈரம் ஆகாது. ஏசி ராப்பகலா ஓடணும். கரண்ட் லைன் தனியா வரணும். முன்னுக்கு மூணடி, பின்னுக்கு மூணடி எடம் உடணும்."

"பின்னுக்கு என்னத்துக்கு?"

"மூச்சு உட. முன்னால காத்தை இழுத்துப் பின்னால சூட்டை உடும்."

"ஆக்கள் வந்து போகலாமா?"

"வேலையில்லாத ஒருத்தரும் வரப்படா. பூட்டியே கிடக்கணும்."

கைருன் றாத்தா கையிலிருந்த விரிப்பைக் காலாக்கி அடுக்கின் மேல் வைத்தார். "தனிக் கரண்டு, தனி ஏசி, ஆரும் எட்டிப் பாக்கப்படா. இது பெட்டி இல்லகா. இது மாப்பிள்ளை."

ஷிப்லி சிரித்துக் கதிரையிலிருந்து விழப்போனான். அன்றிலிருந்து அது மாப்பிள்ளை அறை. "மாப்பிள்ளை எப்ப வாறார்?" என்று தாதிமார் கேட்பார்கள். "சீதனம் இன்னும் முடியல்ல. கம்பிக்குத் தட்டு அடிக்கணுமாம்," என்பார் றாத்தா.

அறையின் ஒரே சன்னல் கடலைப் பார்த்தது. அதற்கு இரட்டைக் கண்ணாடி போடலாம் என்று ஷிப்லி சொல்லி, நானும் எழுதிவிட்டேன்.

"கண்ணாடி சரிவராது மகன்," என்றார் கைருன் றாத்தா. "அந்தப் பிணைச்சலைப் பாருங்க."

பார்த்தோம். சன்னல் கதவைச் சட்டத்தோடு பிடிக்கும் இரும்புப் பிணைச்சல் துருவேறி, பிஸ்கட் போல உதிர்ந்துகொண்டிருந்தது.

"மூணு வருசத்துக்கொருக்கா மாத்துறம். வாடைக் காத்துக்கு உப்பு இதாலதான் வாறது. இந்த மூலையில அடுக்கின சீலையெல்லாம் கறை புடிச்சுப் போகும், அதால இஞ்ச ஒண்டும் வைக்கமாட்டன். உங்கட மாப்பிள்ளை இரும்புதானே? கல்லு வச்சுக் கட்டிருங்க."

ஷிப்லி என் பட்டியலை வாங்கி அந்த வரியை வெட்டினான்.

சன்னலைக் கட்டியவர் மேசன் ஜெஸீம். நிந்தவூர்க்காரர், வேலையில் சுத்தம். அண்ணன் வயது என்பதால் ஷிப்லிக்கு அவர் காக்கா. அறைக்கு அடுத்த பக்கம் குளியலறை. அதற்குப் போன தண்ணீர்க் குழாய் ஒன்று இந்தச் சுவருக்குள்ளால் ஓடியது. அதை வெட்டி, அடைத்து, மேலே பூசினார். பிறகு சன்னலுக்குக் கல் அடுக்கினார். கடைசிக் கல்லைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பினார்.

"றாத்தா, ஒருக்காப் பாத்துக்கங்க."

"கடல் எங்க போகப் போகுது தம்பி," என்றார் அவர். ஆனாலும் வந்தார். ஒரு கல்லளவு கடலைப் பார்த்தார். பதினெட்டு வருடத்துக் கடல் அந்த ஓட்டைக்குள் கச்சிதமாக அடங்கியிருந்தது. "சரி, வைங்க," என்றார்.

இடி மின்னலிலிருந்து பெட்டிகளைக் காக்கக் கீழே முற்றத்தில் குழி வெட்டி, செம்புக் கம்பி இறக்கினார்கள். குழிக்குள் கரியும் உப்பும் போட்டுத் தண்ணீர் ஊற்ற வேண்டும். மேலிருந்து எட்டிப் பார்த்த கைருன் றாத்தாவுக்குப் பொறுக்கவில்லை.

"டேய் ஷிப்லி! உப்பு ஆகாது ஆகாது எண்டு என்ட சன்னலை அடைச்சிட்டு, இப்ப மூட்டை மூட்டையா நீயே கொட்டுறாய்!"

"இது மண்ணுக்கு றாத்தா! மேல ஏறாது!"

"மாப்பிள்ளைக்கு உப்பு ஆகாது, மாமிட முற்றத்துக்கு ஆகுமாக்கும்!"

சுவருக்கு வெள்ளைப் பூச்சு. தரையில் மின்பொறி பிடிக்காத சாம்பல் நிற வினைல் விரிப்பு, ஓரங்களில் ஒட்டி. சுவரில் உள்ளங்கையளவு மீட்டர், ஒரு பக்கம் வெப்பம், மறுபக்கம் ஈரப்பதம். ஈரப்பதம் நாற்பதுக்கும் அறுபதுக்கும் இடையில் நிற்க வேண்டும் என்றான் ஷிப்லி. றாத்தாவுக்கு ஒரு கொப்பி கொடுத்தோம். முதல் பக்கத்தில் அவர் பிஸ்மில்லாஹ் எழுதி, அதன் கீழே கோடு கிழித்தார். எழுத்து நிதானமாக இருக்கும். ஒவ்வொரு இலக்கமும் மடித்து வைத்த துணி போல.

கம்பனி ஆள் திங்கட்கிழமை வருவதாக ஏற்பாடு. அந்த ஞாயிறு பிறை பார்க்கிற நாள், திங்களோ செவ்வாயோ நோன்பின் முதல் நாள், தலைப்பிறை.

நோன்பு வருகிறதென்றால் எங்கள் ஊரில் வீடுகள் குளிக்கும். கட்டில், அலுமாரி எல்லாம் வெளியே வரும். வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, சவர்க்காரத் தூள் தூவி, தும்புத்தடியால் தேய்ப்பார்கள். அந்த வாரம் எந்த ஒழுங்கையால் போனாலும் வாசல்களிலிருந்து வீதிக்கு நுரை ஓடும். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். நோன்பு ஒரு விருந்தாளி, அழுக்கு வீட்டுக்குள் அதை எடுக்கக் கூடாது.

வியாழன் காலை கைருன் றாத்தா இரண்டு வாளிகளோடு படியேறியதை நான் கண்டேன். புடவையை இடுப்பில் செருகியிருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார், நானும் சிரித்தேன். நடைபாதை கழுவப் போகிறார் என்று நினைத்தேன். அன்று அவர் எத்தனை தரம் இறங்கி ஏறினாரோ, நான் தலையைக் குனிந்து கோப்புகளுக்கு இலக்கம் போட்டுக்கொண்டிருந்தேன். பின்னேரம் மாடி முழுவதும் நல்ல வாசனை.

வெள்ளி லீவு, அறை பூட்டியே கிடந்தது. சனிக்கிழமை ஷிப்லி வந்தான். அறையைத் திறந்ததும் மீட்டரைப் பார்த்தான். விரலால் தட்டினான். திரும்பவும் பார்த்தான்.

"எண்பத்தொண்டு."

ஏசி ஓடிக்கொண்டிருந்தது. வெப்பம் இருபத்துநாலில் சரியாக நின்றது. ஈரம் மட்டும் இறங்கவில்லை. ஷிப்லி குந்தி, சுவரின் அடியைத் தடவினான். குளியலறைப் பக்கத்துச் சுவரில், வினைலுக்கு மேலே நாலு விரல் உயரத்துக்கு, பூச்சு நிறம் மங்கியிருந்தது.

"குழாய் கசியிது," என்றான். "ஜெஸீம் காக்கா ஒழுங்கா அடைக்கல்ல."

ஜெஸீமுக்குத் தொலைபேசி போனது. அரை மணித்தியாலத்தில் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். கனகசபாபதியும் மேலே வந்தார். கைருன் றாத்தா தட்டில் பிளேன்டீ கொண்டுவந்து கதவடியில் நின்றார்.

"அல்லாஹ்க்காகச் சொல்றன், நான் அடைச்ச குழாய் கசியாது," என்றார் ஜெஸீம். "மூடி போட்டு, மேல சீமெந்தும் போட்டிரிக்கன்."

"அப்ப இந்தத் தண்ணி வானத்தால வந்ததா காக்கா?"

"எனக்கென்ன தெரியும்? உங்கட ஏசியால வந்திரிக்கும்."

"ஏசிட தண்ணி வெளியால போகுது. பாருங்க பைப்பை!"

கனகசபாபதி கையை உயர்த்தினார். "சண்டை வேணாம். சுவரை உடைச்சுப் பாப்பம். கசிஞ்சிருந்தா, ஜெஸீம், இந்தக் கட்டடத்தில உங்களுக்கு இதுதான் கடைசி வேலை."

ஜெஸீமின் முகம் சுருங்கிப்போனது. பையிலிருந்து உளியையும் சுத்தியலையும் எடுத்தார். தான் பூசிய பூச்சை ஒரு தரம் உள்ளங்கையால் தடவினார், குழந்தையின் முதுகைத் தடவுவது போல. அந்த நேரத்தில்தான் நான் கைருன் றாத்தாவைப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வினைல் ஓரிடத்தில் கொப்புளம் போல இலேசாகத் தூக்கியிருந்தது.

முதல் அடி விழுந்தது. வெள்ளைப் பூச்சில் ஒரு கீறல்.

"அடிக்காதீங்க தம்பி."

எல்லோரும் திரும்பினார்கள். அவர் தட்டை நிலத்தில் வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"குழாய் இல்ல. நான்தான். வியாழக்கிழமை கழுவினன்."

"துடைச்சீங்களா?" என்றான் ஷிப்லி.

"துடைக்கல்ல மகன். கழுவினன். ஒம்பது வாளி."

ஷிப்லி குந்தி, வினைலின் கொப்புளத்தை விரலால் அழுத்தினான்.

"நோன்பு வருகுது. புதுசாக் கட்டின அறை. மாப்பிள்ளையும் வரப்போறார். சுண்ணாம்புத் தூளோட கிடக்குதே எண்டு கழுவி உட்டன். தண்ணியெல்லாம் ஒத்தி எடுத்திட்டன் எண்டுதான் நினைச்சன். இந்தச் சீட்டுக்குக் கீழால போயிரிக்கும் எண்டு எனக்குப் படல்ல." பிறகு கனகசபாபதியைப் பார்த்தார். "சேர், என்னை நிப்பாட்டுறதெண்டா நிப்பாட்டுங்க. அந்த மனுசன்ட செவரை உடைக்காதீங்க."

தோளில் கைவைத்து, திறப்புக் கோர்த்த ஊசியைக் கழற்ற முயன்றார். விரல்களுக்கு அது அகப்படவில்லை.

என் வாய் தானாகத் திறந்தது. "நானும் வாளியைக் கண்டன் சேர். ஒண்டும் கேக்கல்ல."

கனகசபாபதி என்னைப் பார்த்தார். அந்த மாடியில் என் குரலை அவர் கேட்டது குறைவு. "அந்தப் பட்டியலைத் தாங்க," என்றார். கொடுத்தேன். பதினாறு வரிகளையும் வாசித்தார். "தண்ணிக் குழாய் இருக்கப்படாது எண்டு இருக்கு. மேல தண்ணித் தாங்கி இருக்கப்படாது எண்டு இருக்கு. வாளியில தண்ணி வரப்படாது எண்டு எங்க இருக்கு?"

ஷிப்லி தலையைச் சொறிந்தான். "அது எழுதல்ல சேர். இங்கிலீசுப் புத்தகத்திலயும் இல்ல."

"நோன்புக்குக் கழுவுறது புத்தகம் எழுதினவனுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியாதா?"

"என்ட உம்மாவும் நேத்து முழுக்கக் கழுவினவ," என்றான் ஷிப்லி மெதுவாக. "என்ட லாப்டொப்பைக் கட்டிலுக்கு மேல தூக்கி வச்சிட்டுத்தான் வந்தன்."

ஜெஸீம்தான் முதலில் சிரித்தார். சிரித்துக்கொண்டே உளியைப் பைக்குள் போட்டார். "ஒம்பது வாளியா றாத்தா? என்ட குழாய் ஒரு வாளி கசிஞ்சிருந்தாலே என்ட பேரு போயிருக்கும்."

"பதினேழாவதா எழுதுங்க," என்று பட்டியலை என்னிடம் தந்தார் கனகசபாபதி. கைருன் றாத்தாவிடம் திரும்பியபோது அவர் குரல் இறங்கியிருந்தது. ஆனால் பேச்சு வளையவில்லை. "நான் முதல் சொன்னதுதான் கைருன்னிஸா. திங்கக்கிழமை அறை சரியெண்டா நீங்களும் சரி. திறப்பு அதுவரைக்கும் உங்கட தோளிலயே கிடக்கட்டும்."

இரண்டு நாள் இருந்தது. ஒட்டியிருந்த வினைலை உரித்துச் சுருட்டினோம். கீழே தரை கறுத்து, நுரை வாசனையோடு வியர்த்துக் கிடந்தது. ஷிப்லி ஏசியை ஈரம் உறிஞ்சும் முறைக்கு மாற்றினான். கைருன் றாத்தா கழித்து ஒதுக்கிய பழைய விரிப்புகளைக் கொண்டுவந்தார். தரையில் விரித்து, முழங்காலில் நின்று இரண்டு கைகளாலும் அழுத்துவார். ஈரம் ஏறியதும் எடுத்துப் போய் மொட்டைமாடி வெயிலில் போடுவார், காய்ந்ததை எடுத்து வருவார். ஞாயிறும் வந்தார். மூன்று தரம் எழுத வேண்டிய கொப்பியில் மணிக்கு ஒரு தரம் எழுதினார். எழுபத்தாறு. எழுபத்தொன்று. அறுபத்தெட்டு. ஓரிடத்தில் எழுபதுக்கு ஏறியது. அந்த இலக்கத்தையும் எழுதினார், கை சற்று அழுந்தியிருந்தது. ஜெஸீம் கேட்காமலே வந்து, சுத்தியல் பட்ட கீறலைப் பூசிவிட்டுப் போனார். மறுநாள் நோன்பு என்று அன்று மாலை பள்ளிவாசல் ஒலிபெருக்கி அறிவித்தது.

திங்கள் காலை வினைலைத் திரும்ப ஒட்டினோம். பத்தரைக்குக் கம்பனி ஆள் வந்தார். கொழும்பிலிருந்து வந்த சிங்கள மனிதர், முன்வழுக்கை, மென்மையான பேச்சு. இடைவெளியை அளந்தார். தனிக் கரண்ட் லைனைச் சோதித்தார். மூடிய சன்னலைத் தட்டிப் பார்த்து, நல்லது என்பதுபோல் தலையசைத்தார். மீட்டரில் ஐம்பத்துமூன்று நின்றது. கடைசியில் கொப்பியைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் விரலை வைத்து, இது என்ன என்று ஷிப்லியைக் கேட்டார்.

ஷிப்லி குனிந்து வாசித்தான். அவன் காது சிவந்தது. வியாழக்கிழமைக்கு நேரே, இலக்கம் எழுதாமல் விட்டிருந்த கட்டத்தில், கைருன் றாத்தா எழுதியிருந்தார்: 'நான் ஒன்பது வாளி தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். தெரியாமல் செய்தது.'

அவன் சிங்களத்தில் விளக்கினான். நோன்பு, வீடு கழுவுவது, மாப்பிள்ளை, எல்லாம். கொஞ்சம் நீளமாகவே சொன்னான். வந்தவர் கதவடியில் நின்ற கைருன் றாத்தாவைப் பார்த்தார். தலைப்பிறை நோன்பு, உதடு காய்ந்திருந்தது. கண் மட்டும் வந்தவரின் பேனாவிலேயே நின்றது. பிறகு அந்த மனிதர் தன் படிவத்தைப் புரட்டி, ஒரு வெற்றுக் கோட்டைக் காட்டினார். அறைக்குப் பொறுப்பானவர் பெயர்.

"கைருன்னிஸா எண்டு எழுதச் சொல்லுங்க," என்றார் கனகசபாபதி.

வந்தவர் பெயரை எழுதிக் கையெழுத்து வைத்தார். றாத்தா தோளிலிருந்த ஊசியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நடைபாதைக்குப் போனார். திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தார்.

பெட்டிகள் வந்து ஒரு வருடமாகிறது. பச்சை வெளிச்சங்கள் நெல்மணி போல அணைந்து அணைந்து எரிகின்றன. நிப்லாவின் வீட்டுக்கு ஐப்பசி மழைக்கு முன் கூரை ஏறியது. பெருநாளுக்குப் பிறகு கலியாணம்.

போன வாரம், நோன்புக்கு நாலு நாள் இருக்க, கைருன் றாத்தா அரை நாள் லீவு கேட்டு எடுத்தார். நிப்லாவின் வீடு கழுவ. மறுநாள் வந்தபோது விரல் நுனிகளெல்லாம் ஊறிச் சுருங்கியிருந்தன. "எத்தனை வாளி?" என்று கேட்டேன்.

"ஆரு எண்ணினது?" என்றார். முகம் முழுவதும் சிரிப்பு.

பிறகு காய்ந்த துணி ஒன்றை எடுத்துக்கொண்டு அறையைத் திறந்தார். பெட்டிகள் அடுக்கிய றாக்கில் வேலையாக நின்ற ஷிப்லி ஓரமாக விலகினான். அவர் தரையில் உட்கார்ந்து, ஒரு மூலையிலிருந்து சதுரம் சதுரமாகத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"தண்ணி இல்லாத எடத்தில தொழுகைக்கு முகம் கை சுத்தமாக்க என்ன செய்யிறம் மகன்? தயம்மும் செய்யிறம்தானே. இந்த அறைக்கும் அப்பிடித்தான்."

"தயம்மும் மண்ணால றாத்தா!" என்று பதறினான் ஷிப்லி. "மண்ணைக் கொண்டு வந்திராதீங்க!"

"நீ பட்டியல்ல எழுது," என்றார் கைருன் றாத்தா. "பதினெட்டாவது."

நான் எழுதினேன்.